பெக்-ஹா மடக்கிய நாக்குகள்

பெக்-ஹாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய எஞ்சினிலிருந்து பழைய வாஷர் கைக்கு வந்தால், குறடால் அதன் நாக்கை ஒடித்துவிட்டுத்தான் குப்பைத் தொட்டியில் போடுவாள். கல்யாணமான புதிதில் அவள் கணவன் தியாமுக்கு இதைப் பார்த்து வயிறு எரிந்தது. தோங்காங் துறைமுகத்தில் அவனுடையது சின்னப் பட்டறை. மீன்பிடி படகுகளின் டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிற வேலை. எதையும் தூக்கிப்போட மனம் வராதவன் அவன்.

"நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் ஒடிக்கிற?" என்பான்.

"முழுசா இருந்தா நீ எடுத்து மறுபடி போட்டுடுவ. உன்னை எனக்குத் தெரியாதா?" என்பாள்.

அவள் கடலோரத்துப் பெண்ணே இல்லை. உள்ளே தள்ளி, சிவப்புப் பயறு விளைகிற வான்தானில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டு வந்தபோது நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முதலில் பாகங்களை டீசலில் கழுவிக் கொடுத்தாள். பிறகு ஒருநாள், தியாமின் தடித்த விரல்கள் போகாத இடுக்கில் ஒரு நட்டை ஏற்ற வேண்டி வந்தது. மெலிந்த கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமலே திருகி ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து பட்டறையில் நட்டுப் பூட்டுகிற வேலை அவளுடையதானது. கூடவே வாஷரும்.

நாக்கு வாஷர் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நட்டுக்கு அடியில் உட்காருகிற தகட்டு வளையம்; இரண்டு பக்கமும் நாக்குப் போல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாக்கைக் கீழே மடக்கி, நட்டு உட்கார்ந்திருக்கும் பாகத்தின் விளிம்போடு அணைக்க வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு இன்னொன்றை மேலே மடக்கி, நட்டின் தட்டையான பக்கத்தில் படிய வைக்க வேண்டும். அதற்குப் பிறகு எஞ்சின் எவ்வளவு உதறினாலும் நட்டு அசையாது. ஆனால் மடக்கியதை நிமிர்த்தி மறுபடியும் மடக்கினால் மடிப்பில் தகடு தளர்ந்துபோகும். மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விடும், வெளியே தெரியாது. நடுக்கடலில் அது உடையும்போதுதான் தெரியும். பெக்-ஹா ஒடித்துப் போடுவது அதனால்தான்.

கிரேன் வைத்துத் தூக்கிப் பட்டறைக்குக் கொண்டுவரும் எஞ்சின்கள் அவள் பொறுப்பு. படகுக்குள்ளேயே பார்க்கவேண்டிய வேலைக்குத் தியாம்தான் போவான். மீன்பிடி படகில் பெண் கால் வைக்கக் கூடாது. கால் வைத்தால் வலை காலி, தூண்டில் காலி என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளும் அதைப் பற்றிச் சண்டை போட்டதில்லை. கரையில் நின்றுகொண்டு குரல் கொடுப்பதோடு சரி.

"தியாம், மடக்கினியா?"

"மடக்கிட்டேன்!"

"தட்டைப் பக்கத்துலயா, முனையிலயா?"

"தட்டைப் பக்கத்துலதான், என்னைப் பெத்த தாயே!" என்று எஞ்சின் அறைக்குள்ளிருந்து பதில் வரும். பக்கத்துப் படகுக்காரர்கள் சிரிப்பார்கள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயதான வருடம், சூரை மீன் கிளம்பிவரும் வசந்தத்தில், தியாம் ஒரு படகின் மேல்தளத்தில் மீன் செதிலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். முழங்கை வரை மாவுக்கட்டு. பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் படகின் உயரம் கொஞ்சம் கூடியது.

அப்படியிருக்கும்போது கேப்டன் பூன்-சாய் வந்தார். நல்ல உடம்புக்காரர், வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"தியாம், எஞ்சின்ல டொக்கு டொக்குன்னு சத்தம். மூணாவது சிலிண்டர் பக்கம். பாதி வழியில திரும்பிட்டேன். நீ வந்து பாரு."

தியாம் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினான்.

"அடக் கடவுளே! வேற யாரு இருக்கா?"

"சீசன்ல யாரு அண்ணே சும்மா இருப்பாங்க? அவனவன் ஒவ்வொரு படகுக்குள்ள கிடக்கான். இவளைக் கூட்டிட்டுப் போங்க. நட்டு விஷயத்துல என்னைவிட இவ கை சுத்தம்."

பூன்-சாய் பெக்-ஹாவைப் பார்த்தார். அவள் ஒரு பம்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"முதலாளியம்மாவைக் குறை சொல்லலை. ஆனா படகுல ஏத்த முடியாது. ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. எங்க மாமா ஒத்துக்கவே மாட்டார்."

மாமா என்றது, அவர் படகின் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் ஹியோங்கை. கேப்டனுக்குத் தாய்மாமன். ஐம்பத்தைந்து வயது, பாதி ஆயுள் எஞ்சின் அறையில் கழிந்தவர். துறைமுகமே அவரை ஹியோங் மாமா என்றுதான் கூப்பிடும்.

"படகுல சாமி படம் யாரோடது கேப்டன்?" என்று கேட்டாள் பெக்-ஹா.

"மாசோ தாய்."

"அவ ஆம்பளையா?"

தியாம் சிரித்துவிட்டான். பூன்-சாய்க்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "உன் வாய்க்கு நான் எங்க போவேன்? சரி, தாய்கிட்டயே கேட்டுடறேன். அவ சொன்னா யாரும் பேச முடியாதில்ல?"

ஐஸ் தொழிற்சாலையை ஒட்டி, கடலோடிகளைக் காக்கும் மாசோ தாய்க்குச் சின்னக் கோயில். மூன்று பேரும் போனார்கள். பூன்-சாய் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு, பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டார். ஒரு கட்டை தட்டை முகமும் இன்னொன்று வளைந்த முகமும் காட்டி விழுந்தால் தாய் சம்மதித்தாள். இரண்டும் வளைந்த முகம் காட்டினால் கூடாது. இரண்டும் தட்டையாகக் கிடந்தால் சிரிக்கிறாள், கேள்வியே சரியில்லை என்று அர்த்தம்.

"தியாம் பொண்டாட்டி என் படகுல ஏறலாமா தாயே?"

இரண்டும் தட்டை. மறுபடி போட்டார். மறுபடியும் சிரிப்பு. மூன்றாம் முறையும் சிரிப்பு. கோயில் வாசலில் ஐஸ் அரைக்கிற தொழிலாளர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"அந்த எஞ்சினோட கடலுக்குப் போகலாமான்னு முதல்ல கேளுங்க," என்றாள் பெக்-ஹா மெதுவாக.

கேட்டார். இரண்டும் வளைந்த முகம் காட்டின. கூடாது. பூன்-சாயின் முகம் வெளுத்தது. துணையில்லாமல் அலையில் மிதக்கிற படகு அவர் கண்ணில் வந்திருக்க வேண்டும். கட்டைகளை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, முதல் கேள்வியைத் திரும்பக் கேட்டார். ஒன்று தட்டை, ஒன்று வளைவு.

"சரி," என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "வாங்க முதலாளியம்மா."

பெக்-ஹா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தைரியமாகப் பேசிவிட்டாளே தவிர, கரைக்கும் படகுக்கும் நடுவே போட்டிருந்த பலகையை இரண்டு தடவை காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். கீழே எண்ணெய் மிதக்கும் தண்ணீர். படகாட்கள் நான்கு பேரும் தூண்டில் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். 'நாளைக்கு மீன் கிடைக்கலைன்னா என் தலையிலதான் விடியும்' என்று நினைத்துக்கொண்டே எஞ்சின் அறைக்குள் இறங்கினாள்.

ஹியோங் மாமா உள்ளே சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில், கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"தாய் சொல்லிட்டாளாமே. நான் என்ன சொல்றது? வா," என்றார். குரலில் வேண்டாவெறுப்புத்தான் இருந்தது.

"மூடியைக் கழட்டித் தர்றீங்களா மாமா?"

பக்கவாட்டு மூடியை அவர் கழற்றினார். எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. பெரிய சக்கரத்தை அவர் கையால் திருப்ப, மூன்றாவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு கீழே இறங்கி நின்றது. பெக்-ஹா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டாள். முதல் நட்டு பரவாயில்லை. இரண்டாவதை விரலால் தொட்டாள். விரலுக்கே அது திரும்பியது.

டார்ச்சை எடுத்துக் கையில் பிடித்து உற்றுப் பார்த்தாள். வாஷர் இருந்தது. நாக்கு மேலே மடங்கி நட்டோடு ஒட்டியும் இருந்தது. ஆனால் இன்னொரு நாக்கு கீழே மடங்கவே இல்லை. நீட்டிக்கொண்டு சும்மா இருந்தது. நட்டு சுழன்றபோது வாஷரும் அதோடு கைகோத்துச் சேர்ந்து சுழன்றிருக்கிறது. பேரிங் தேய்ந்து ஆட ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் ராடு கழன்று எஞ்சினின் பக்கத்தையே உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

"என்ன ஆச்சு?" மேலிருந்து பூன்-சாய் குனிந்து கேட்டார்.

"வாஷர் கோளாறு. நட்டு லூசாயிடுச்சு."

"யாரு போட்டது? தியாமா?"

தியாம் இந்த எஞ்சினை இரண்டு வருடமாகத் தொடவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஹியோங் மாமா பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்த்தாள்.

"நான்தான்டா," என்றார் அவர். "புத்தாண்டுக்கு முன்னாடி பேரிங் மாத்தினேனே, அப்பப் போட்டது."

வேறு யாராக இருந்தாலும் பூன்-சாய் கொட்டியிருப்பார். அவர் வாய் துறைமுகத்தில் பேர்போனது. ஆனால் இது தாய்மாமன். தன் கல்யாண விருந்தில் தலைமை இருக்கையில் உட்கார்ந்தவர். கேப்டன் கைப்பிடிக் கம்பியை ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு எழுந்துபோனார். அடித்த கைதான் வலித்திருக்கும்.

"கீழயும் மடக்கணுமா?" என்று ஹியோங் மாமா கேட்டார். அவர் குரல் சுருங்கியிருந்தது. "என் பழைய எஞ்சின்ல நட்டோட தலையில வெட்டு இருக்கும். ஊசி ஒண்ணைக் குத்தி ரெண்டு பக்கமும் விரிச்சா முடிஞ்சுது. இதுல மேல மடக்கினா போதும்னு நினைச்சேன்."

"அந்த ஊசி வேலையில நீங்கதான் ராஜான்னு தியாம் சொல்வான்," என்றாள் அவள். "இது வேற ஜாதி. இதோட ரெண்டு நாக்கும் ரெண்டு கை மாதிரி. ஒரு கை நட்டைப் பிடிக்கணும், ஒரு கை ராடைப் பிடிக்கணும். ஒரு கை மட்டும் பிடிச்சா ரெண்டும் சேர்ந்து ஊர் சுத்தும்."

அவர் மூக்கால் சிரித்தார். "என்னையும் உங்க மாமியையும் மாதிரி."

எல்லாச் சிலிண்டர்களையும் திறந்து பார்த்ததில் எல்லாமே அப்படித்தான் இருந்தன. அத்தனையையும் கழற்றினார்கள். தியாம் பட்டறையிலிருந்து புதுப் பேரிங்கையும், கணக்காக இருந்த புது வாஷர்களையும் இடது கையால் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தான். பெக்-ஹா ஒவ்வொன்றாகப் பூட்டினாள். வாஷர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தாள். கீழ் நாக்கை முதலில் விளிம்போடு அணைத்தாள். நட்டை அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கினாள். தட்டைப் பக்கம் நாக்குக்கு நேராக வராவிட்டால் இன்னும் ஒரு துளி இறுக்கினாள். நேராக்குவதற்காக எதையும் பின்னால் தளர்த்தவில்லை. இறுக்கும் இடமும் மிச்சமில்லாவிட்டால் நட்டையே வேறொன்றோடு மாற்றிப் போட்டுப் பார்த்தாள். பிறகு முனை மழுங்கிய இரும்புத் துண்டை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி மேல் நாக்கை எழுப்பினாள். ஓங்கி ஒரே அடி கிடையாது. சின்னச் சின்னத் தட்டு, நாக்கு தானாகவே எழுந்து நட்டின்மேல் சாய்கிற மாதிரி.

கடைசிச் சிலிண்டரின் கடைசி நட்டில்தான் அது நடந்தது. அவள் சுத்தியலை இறக்கிய அதே நொடியில், கரையை ஒட்டி ஒரு பெரிய படகு கடந்துபோனது. அது எழுப்பிய அலையில் தரை ஒரு பக்கம் சாய்ந்தது. பட்டறைத் தரை அவளை ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. இரும்புத் துண்டு வழுக்கி, நாக்கு கோணலாக மடங்கி நட்டின் முனையில் போய் ஏறிக்கொண்டது.

பெக்-ஹா பல்லைக் கடித்தாள். இனி வாஷர் இல்லை.

பூன்-சாய் இதற்குள் திரும்பி வந்திருந்தார். "என்ன, முடிஞ்சுதா?"

"ஒண்ணு கோணிப்போச்சு. என் கை தப்பு."

"புதுசுதானே? நிமித்தித் தட்டிப் போடுங்க. ஒரே ஒரு தடவைதானே மடங்கியிருக்கு? நாளைக்கு விடியக்காலையில தண்ணி ஏறும்போது எல்லாரும் கிளம்பிடுவாங்க."

பெக்-ஹாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். புதுத் தகடு. ஒரே ஒரு மடிப்பு. யாருக்குத் தெரியப்போகிறது? முதல் தடவையாகப் படகில் ஏறி, வாஷரைக் கெடுத்தவள் என்ற பெயரும் வராது. நட்டைக் கழற்றி, அந்தச் சின்ன வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குறடை எடுத்து நாக்கை ஒடித்தாள்.

"அய்யோ!" என்றார் பூன்-சாய்.

கரையிலிருந்து தியாம் கத்தினான்: "ஒடிச்சிட்டாளா? எனக்குத் தெரியும் அண்ணே! இருபது வருஷமா இதைத்தான் பார்க்கிறேன்!"

"கத்தாம, அதே கனத்துல தகடு இருக்கா பாரு," என்று அவள் பதிலுக்குக் கத்தினாள்.

பட்டறையில் தகடு இருந்தது. வெட்டத்தான் கை இல்லை. ஹியோங் மாமா யாரும் கேட்காமலே தியாமின் பின்னால் போனார். அன்று மதியம் முழுவதும் பட்டறை வாசலில் இரண்டு பேரும் ஒரே மேஜையில் குனிந்து நின்றதைத் துறைமுகம் வேடிக்கை பார்த்தது. தியாம் இடது கையால் கோடு போட்டான், ஹியோங் மாமா துளை போட்டார், அறுத்தார், அரம் பிடித்தார்.

"ஆடாமப் பிடிங்க மாமா!"

"நான் ஆடலைடா, உன் மேஜைதான் ஆடுது!"

"என் மேஜை எங்க அப்பா காலத்துல இருந்து ஆடுது. இன்னைக்கு மட்டும் என்ன புதுசா?"

ஒன்றுக்கு இரண்டாகச் செய்தார்கள். பெக்-ஹா முதலாவதை இடுக்கியில் மாட்டி, மடக்கி, நிமிர்த்தி, மடக்கி, அது எத்தனையாவது மடிப்பில் விரிசல் விடுகிறது என்று பார்த்தாள். மடிப்பை நகத்தால் தடவினாள். முதல் மடிப்புக்கு விரிசல் விடவில்லை. தகடு நல்ல தகடுதான். இரண்டாவதை எடுத்துக்கொண்டு படகுக்குத் திரும்பினாள்.

இந்த முறை ஹியோங் மாமா ஒரு காலை எதிர்ச்சுவரில் ஊன்றி, தன் தோளை அவள் முதுகுக்கு அணையாகக் கொடுத்தார். "இப்பத் தட்டு. எந்த அலை வந்தாலும் நான் பார்த்துக்கறேன்." அவள் தட்டினாள். நாக்கு எழுந்து தட்டையான பக்கத்தில் முழுசாகப் படிந்தது. இடையில் நகம்கூட நுழையவில்லை.

எஞ்சின் கிளம்பியபோது அந்த டொக்கு டொக்குச் சத்தம் இல்லை. பூன்-சாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். படகாட்களும் கயிற்றை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

"அலை தடுப்புச் சுவர் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வருவோம்," என்றார் கேப்டன். "முதலாளியம்மா, நீங்களும் இருங்க."

அவளுக்கு அது மரியாதை என்று புரிந்தது. அதனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் அறை வாசலில் உட்கார்ந்து, இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைக் கவனித்தாள். துறைமுகத்து வாயைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. ஊர் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கோயில் கூரை, ஐஸ் தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி, கரையில் மாவுக்கட்டுக் கையைக் கொடி போல ஆட்டிக்கொண்டு நின்ற தியாம். இவ்வளவு நாள் வாழ்ந்த ஊர், தண்ணீரிலிருந்து பார்த்தால் இவ்வளவு குட்டை என்று அவளுக்குத் தெரியாது. முதல் பெரிய அலை படகைத் தூக்கி இறக்கியது. பெக்-ஹாவின் வயிறு தூக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட கஞ்சி, ஊறுகாய் அத்தனையையும் கடலுக்குக் கொடுத்தாள். நிமிர்ந்து வாயைத் துடைத்தபோது நான்கு படகாட்களும் அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் உப்பிட்ட பிளம் பழத்தை நீட்டினான். "வாயில அடக்கிக்குங்க. எனக்கும் முதல் நாள் இதே கதிதான்."

"மீனுக்குத் தீனி போட்டாச்சு," என்றார் ஹியோங் மாமா. "நல்ல சகுனம்டா பூன்-சாய்."

கரைக்கு வந்ததும் அவள் மூடியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு நாக்கையும் மறுபடி தொட்டுப் பார்த்தாள். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அதன் பிறகுதான் பலகையில் இறங்கி, தியாமின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ராச்சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

படகு மறுநாள் மற்றவர்களோடு கிளம்பியது. திரும்பி வந்தபோது சூரை மீன் சுமாராகத்தான் இருந்தது. மோசமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. அதுவே போதுமானதாக இருந்தது. பெண் ஏறியதால் மீன் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியவில்லை, பெண் ஏறியதால்தான் வந்தது என்றும் யாரும் சொல்லவில்லை. பூன்-சாயின் மனைவி மீனின் வயிற்றுப் பக்கத்தில் கொழுப்பான ஒரு துண்டை இலையில் சுற்றிப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினாள்.

அந்த சீசனிலேயே இன்னும் சில கேப்டன்கள் வந்தார்கள். சிலர் கோயிலில் கட்டை போட்டுக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார்கள். சிலர் கேட்காமலே கூப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கிரேனுக்கு ஆள் சொல்லி எஞ்சினைத் தூக்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்து, அவளிடமே பூட்டிக்கொண்டு போனார். பெக்-ஹா அவருக்கும் அதே மாதிரிதான் மடக்கிக் கொடுத்தாள். ஹியோங் மாமா மழைக்காலத்தில் கடல் வேலை இல்லாத நாட்களில் பட்டறைக்கு வந்து தியாமோடு தேநீர் குடித்தார். புதுசாக எந்த எஞ்சின் வந்தாலும், "இதுல எதை எந்தப் பக்கம் மடக்கணும்?" என்று வெட்கப்படாமல் கேட்டார். தெரிந்ததை அவள் சொன்னாள். அவளுக்கும் தெரியாதபோது மூன்று பேருமாகக் குனிந்து பார்த்தார்கள்.

தியாமின் மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனால் எஞ்சின் அறையில் முடங்கிக் கிடக்கும் வேலைக்கு அவன் திரும்பிப் போகவில்லை. படகுக்குள் இறங்குவது அவள் வேலையாகிவிட்டது. ஒன்றே ஒன்றை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. வேலை முடிந்து, அலை தடுப்புச் சுவர் வரை போய்வரலாம் என்று யார் கூப்பிட்டாலும் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கிவிடுவாள்.

"தியாமைக் கூட்டிட்டுப் போங்க கேப்டன், அவனுக்குக் காத்து வாங்க ஆசை. நட்டு கழண்டா என்னைக் கேளுங்க. அலைக்கு நான் பொறுப்பில்லை."